அந்த வாத்து அழுக்காக இல்லை

வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் என் வாத்தைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டுப் போன விவகாரத்தைப் பற்றி இனி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். "நல்லது நினைத்துத்தானே செய்தார்" என்று ஆளாளுக்கு உள்பெட்டியில் சமாதானம் பேசுகிறீர்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

அந்த வாத்து அழுக்காக இல்லை. சேற்றைக் கிளறிவிட்டு வந்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தானே கழுவிக்கொண்டிருக்கும்.

தினமும் பார்க்கிறேன். தொட்டியில் தலையை முக்கி முதுகில் தண்ணீரை வாரிவிட்டுக்கொள்ளும். கரையேறி ஓர் உதறல். அப்புறம் ஒவ்வொரு இறகாக அலகால் கோதும். பிரிந்த இழைகளை நீவும்போது அவற்றின் நுண்கொக்கிகள் ஜிப் மாதிரி மறுபடி மாட்டிக்கொள்ளும். வாலடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதை அலகால் அழுத்தி எண்ணெய் எடுத்து உடம்பெல்லாம் பூசும். தலைக்கு அலகு எட்டாதே? தலையையே கொண்டுபோய் அங்கே தேய்த்துக்கொள்ளும். இதைத்தான் நாம் 'வாத்து மடையன்' என்று திட்டப் பயன்படுத்துகிறோம்.

அத்தனை வேலையும் ஒரு வாளி சோப்பு நுரையில் போனது. தொட்டியில் இறங்கியது, ஈரத்துணி போலத் தாழ்ந்தது. தோல்வரை ஈரம். வாத்து நனைந்து நடுங்கி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"எண்ணெய்க் கசிவில் சிக்கிய பறவைகளைப் பாத்திரம் கழுவும் திரவத்தால்தானே கழுவுகிறார்கள்?" என்று கேட்டார் ஒரு தம்பி. கழுவுகிறார்கள். துளி சோப்பு மிச்சமில்லாமல் அலசி, இறகில் தண்ணீர் ஒட்டாத நிலை திரும்பும்வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். கையைத் துடைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவதில்லை. மறுபடி சொல்கிறேன், இது அழுக்காகக்கூட இல்லை.

"ஒரு வாத்துக்காக உறவை முறிப்பதா?" முறித்தது யார்? நடுங்குகிறதே என்றதும் "வாத்துதானே" என்று சிரித்தது நானா?

"வேலைவெட்டி இல்லாமல் வாத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்" என்றதும் காதில் விழுந்தது. ஆமாம். கால் முறிந்து மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேனே, அப்போது முதலில் முன்வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லது நினைப்பவர்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. அதற்கப்புறம்தான் நாற்காலியைப் பின்வாசலுக்கு மாற்றினேன்.

வாத்து இப்போது வீட்டுக்குள், கதகதப்பாக. இன்று காலைதான் கழுத்தைத் திருப்பி வாலடிக்குப் போனது. நாலு தடவை கோதிவிட்டுத் தூங்கிப்போனது, ஒரு கண்ணைத் திறந்துவைத்தபடி. அந்தக் கண் கதவுப் பக்கம் இருந்தது.