மலைக்கு ஹெலிகாப்டர் கேட்பவர்களுக்கு

கனமழை அறிவிப்பு வந்தாலே எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏற்காட்டுக்கு ஏன் ஹெலிகாப்டர் அனுப்ப மாட்டேங்கறாங்க?"

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலின்போது இந்தப் பேச்சு ரொம்பவே சூடாக இருந்தது. ஒரே நாளில் ஏற்காட்டில் 24 செ.மீ. மழை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. நாகலூர் பக்கம் இருக்கும் பெரியம்மாவுக்கு போன் போட்டேன். "அரிசி இருக்குது கண்ணு, ராகியும் கெடக்குது. சுகர் மாத்திரைதான் நாளையோட தீருது" என்றார். மழை இரைச்சலில் மீதி கேட்கவில்லை.

ஒரு அட்டை மாத்திரை. அதற்கு ஹெலிகாப்டரா?

ஹெலிகாப்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்று நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். சுற்றிலும் வெள்ளம், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே அரித்துப் போயிருந்தது. அங்கே சாப்பாட்டுப் பொட்டலத்தை மேலிருந்து போட்டது சரிதான்.

ஆனால் அது சமவெளி. ஏற்காட்டில் அடைமழை நாளில் பத்தடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரமே பனிமூட்டத்தில் தெரியாது. பைலட் எதைப் பார்த்து இறக்குவார்? 2013இல் உத்தரகாண்டில், கௌரிகுண்ட் அருகே, மீட்புப் பணியில் இருந்த விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்து 20 பேர் இறந்தார்கள். நாம் வீட்டில் டீ குடித்துக்கொண்டே "அனுப்புங்க" என்று டைப் பண்ணிவிடுகிறோம்.

சரி, வந்தேவிட்டது என்று வையுங்கள். எம்ஐ-17 தூக்குவது சுமார் 4 டன். சேலம் லீ பஜாரில் மூட்டை ஏற்றும் ஆறு சக்கர லாரி ஒரே நடையில் அதைப்போல இரண்டு மடங்கு கொண்டுபோகும். மேலிருந்து போட்டால் தண்ணீர் பாட்டில் உடையும், பிஸ்கட் மாவாகும். ஓடிப்போய் எடுக்கிற இளவட்டங்களுக்குத்தான் கிடைக்கும். முட்டிவலியோடு எங்கள் பெரியம்மா காப்பித் தோட்டத்துச் சரிவில் இறங்குவாரா?

2024 வயநாட்டு நிலச்சரிவில் காயம்பட்டவர்களை ஹெலிகாப்டர் தூக்கியது, அது பெரிய உதவி. ஆனால் ராணுவம் சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தை (இரும்புத் துண்டுகளைக் கோத்து வேகமாகப் போடும் பாலம்) போட்டபிறகுதான் பெரிய இயந்திரங்கள் அக்கரைக்குத் தாராளமாகப் போய்வர முடிந்தது. சாலை திறந்தால்தான் நிவாரணம்.

அதனால் நான் கேட்பது வேறு. ஐப்பசி பிறப்பதற்குள் மலை ரேஷன் கடைகளில் இரண்டு மாத அரிசி இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். பிரசவ தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே சேலத்துக்கு இறக்கிவிடுங்கள். ஜேசிபி அடிவாரத்தில் ஒன்று, மேலே ஒன்று நிற்கட்டும். இருபது வளைவில் நாலு இடத்தில் சரிந்தால், கீழிருந்து மட்டும் அள்ளிக்கொண்டு போய் எப்போது முடிப்பது? இதெல்லாம் டிவியில் காட்டுகிற மாதிரி இருக்காது, தெரியும்.

பெரியம்மாவுக்கு அந்த முறை பக்கத்து வீட்டுப் பையன் மழையில் நனைந்து டவுனுக்கு நடந்தே போய் மாத்திரை வாங்கிவந்தான். இப்போதெல்லாம் அவர் புரட்டாசியிலேயே கூடுதலாக நாலு அட்டை வாங்கி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்.