"எங்கே வாங்கினீங்க?" என்று கேட்காதீர்கள்

2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதல் முறையாக காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழா நடந்தபோது நாகர்கோவிலிலிருந்து ராத்திரி ரயிலில் போனேன். மடியில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் காஸ்ப்ளேக்காக, அதாவது காமிக்ஸ் பாத்திரம் போல வேஷம் கட்டுவதற்காக, நானே செய்த மாயாவியின் இரும்புக்கை. சீட்டுக்கு அடியில் தள்ள மனசு வராமல் விடிய விடிய மடியிலேயே வைத்திருந்தேன்.

அன்று என்னிடம் பேச வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "எங்கே வாங்கினீங்க? எவ்வளவு?" யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது.

அப்பாவின் டிரங்குப் பெட்டி முழுக்க முத்து காமிக்ஸ். 1972-ல் அதன் முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு எப்படி வேஷம் கட்டுவது? அம்மாவிடம் சொன்னேன். பளபளப்பே இல்லாத கறுப்புத் துணி எடுத்து, முகத்தையும் மூடுகிற மாதிரி தலை முதல் கால்வரை தைத்துத் தந்தாள். பார்க்கிறவர் கண் கைக்கு மட்டும் போக வேண்டும். அப்படியானால் அந்தக் கை நிஜமாக இருக்க வேண்டுமே!

செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் ஃபோம் ஷீட்தான் இரும்பு. என் கையில் பாலிதீன் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மூட்டு மூட்டாகக் கோடு போட்டு வெட்டியெடுத்தால் அளவு கிடைத்துவிடும். முதலில் விரலை ஒரே குழாயாகச் செய்தேன், மடக்க முடியவில்லை. இறால் ஓட்டைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் சின்னச் சின்ன வளையங்களாக வெட்டி, மெல்லிய கையுறைமேல் ஒட்டினேன். இப்போது டம்ளரைப் பிடித்துத் தண்ணீரே குடிக்கலாம்.

ஒட்டுவதுதான் பெரிய பாடு. இரண்டு தடவை பிய்த்துக்கொண்டு வந்தது. எங்கள் நாகர்கோவில் வடசேரிப் பக்கம் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, ரெண்டு பக்கமும் பசை தேய்ச்சுக் காய விடணும். தொட்டா கையில ஒட்டக்கூடாது. அப்பந்தான் ரெண்டும் ஒட்டும், கேட்டியா." எத்தனையோ வீடியோ பார்த்தும் எனக்கு ஏறாத விஷயம் அது. அப்புறம் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னில் சூடு காட்டினால் ஃபோமின் துளைகள் அடைந்து மேற்பரப்பு இறுகும். தண்ணீர் கலந்த ஃபெவிகால் நாலைந்து பூச்சு, கறுப்பு பெயின்ட், அது காய்ந்ததும் மேட்டில் மட்டும் வெள்ளி நிறம். நம்ம ஊரில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் ஒவ்வொரு பூச்சும் காய ஒரு நாள் போனது.

அந்தக் கையில் அம்மாவும் அந்தப் பெரியவரும் இருக்கிறார்கள். "எங்கே வாங்கினீங்க" என்று கேட்டால் அவர்கள் இரண்டு பேரும் காணாமல் போய்விடுகிறார்கள்.

செய்தவரை மறப்பது இன்றைக்கு வந்த வழக்கமும் இல்லை. 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடை போட்டுக்கொண்டு போனார்கள். காஸ்ப்ளே கலையின் தொடக்கமாகச் சொல்லப்படுவது அதுதான். இரண்டு உடையையும் தைத்தவர் டக்ளஸ். ஆனால் ரொம்ப காலம் அக்கர்மனின் பெயரைத்தான் பெரிதாகச் சொன்னார்கள்.

நம் வடசேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய கோயில் நகை இங்கேதான் செய்கிறார்கள். பரதநாட்டியம் ஆடுகிற பெண்ணின் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் இங்கிருந்து போகின்றன. அழைப்பிதழில் ஆடுகிறவர் பெயர் இருக்கும், பாடுகிறவர் பெயர் இருக்கும். கல் பதித்தவர் பெயரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஒரு போட்டியில் ஆன்லைனில் ஆர்டர் செய்த உடைக்கு "சிறந்த கைவினை" பரிசு கொடுத்ததைப் பார்த்து ரயிலில் அழுதுகொண்டே வந்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிப் போடுவது தப்பே இல்லை. பிடித்த பாத்திரமாக ஒரு நாள் நிற்கும் சந்தோஷம் எல்லாருக்கும் வேண்டும். அழகாகப் போட்டு நடித்தால் அதற்கும் பரிசு கொடுங்கள். ஆனால் கைவினைக்கு என்று ஒரு பரிசு வைத்தால், தையலைத் திருப்பிப் பாருங்கள், செய்யும்போது பாதியில் எடுத்த படங்களைக் கேளுங்கள், யார் யார் கைபட்டது என்று மேடையிலேயே சொல்லவிடுங்கள். இரண்டு நிமிஷம் போதும்.

ஊருக்கு வந்ததும் இரும்புக்கையோடு நான் நிற்கும் படத்தைப் பிரிண்ட் போட்டு அந்தப் பெரியவரிடம் கொண்டுபோனேன். படத்தை ஒரு பார்வை பார்த்துப் பக்கத்தில் வைத்தார். கையைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்து, கட்டைவிரலுக்குக் கீழே நிறுத்தினார். "இந்த இடம் வாயைத் திறக்குது, பாத்தியா மக்களே" என்று சொல்லிவிட்டுப் பசை டப்பாவைத் திறந்தார்.