அரை ஏக்கர் வைரம்

(மதுரை. தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்தில் ஒரு வீடு. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அப்பத்தா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். பேரன் லேப்டாப்போடு வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்காருகிறான். மூன்று வாரமாகத் தூக்கமில்லாத முகம்.)

பேரன்: அப்பத்தா, மோதிரத்துக்குச் சதுர வைரம் என்று முடிவு பண்ணிவிட்டேன். 50 சென்ட்.

அப்பத்தா: அரை ஏக்கரா? பத்திரப்பதிவு என்றைக்கு?

பேரன்: நிலம் இல்லை அப்பத்தா. வைரத்தில் 100 சென்ட் ஒரு காரட்.

அப்பத்தா: 100 சென்ட் ஒரு ஏக்கர் என்றுதான் உங்கள் தாத்தா சொல்லிக் கொடுத்தார். எடை என்ன வரும்?

பேரன்: காரட்டுக்கு 200 மில்லிகிராம். 50 சென்ட் என்றால் 100.

அப்பத்தா: ஒரு குன்றிமணி எடைகூட இல்லை. இதற்குப் போய் அரை ஏக்கர் விலை! சரி, ஊரே வட்டக் கல் போடும்போது உனக்கு மட்டும் ஏன் சதுரம்?

பேரன்: விலை குறையும். மண்ணிலிருந்து நல்ல வடிவத்தில் கிடைக்கிற கல், இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டினது மாதிரி இருக்கும். குறுக்கே அறுத்தால் இரண்டு துண்டு, இரண்டுக்கும் சதுர அடி. அதை வட்டமாகச் செதுக்கினால் ஏறக்குறைய பாதி தூளாகப் போய்விடும். சதுரமாகவே தீட்டினால் நிறைய மிஞ்சும்.

அப்பத்தா: இதைச் 'சேதாரம் குறைவு' என்று ஒரே வார்த்தையில் சொல்லக்கூடாதா? பிரமிடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறாய்.

பேரன்: (லேப்டாப்பைத் திருப்பி) இதுதான் பிரின்சஸ் கட். நாலு மூலையும் கூர். நல்லா டாலடிக்கும். ஆனால் சான்றிதழில் பிரின்சஸ் என்று இருக்காது. 'ஸ்கொயர் மாடிஃபைட் பிரில்லியன்ட்' என்று போட்டிருப்பார்கள்.

அப்பத்தா: உன் சித்தப்பன் மாதிரி. கூப்பிடுகிற பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. மூலை உடையாதா?

பேரன்: வைரம்தான் உலகத்திலேயே கெட்டியான பொருள் அப்பத்தா.

அப்பத்தா: மைசூர்பாகும் கெட்டிதான். டப்பாவைத் திறந்தால் மூலைதானே முதலில் உதிர்ந்து கிடக்கிறது?

பேரன்: (குரல் இறங்கி) உடையும்தான். கீறல் விழாது, ஆனால் ஒரு இடி இடித்தால் முனை தெறிக்க வாய்ப்பு உண்டு. அதனால் நாலு மூலைக்கும் தங்கத்தில் தொப்பி மாதிரி போட்டுக் கட்டுவார்கள்.

அப்பத்தா: வண்டியில் போகிறவனுக்குத் தொப்பி போடச் சொன்னாலே போடமாட்டான், கல்லுக்குத் தொப்பியா? வேண்டாம். அந்தப் பிள்ளை பல் டாக்டர். நாளைக்கு இருபது முறை கிளவுஸ் மாட்டும், கழற்றும். முனை பட்டால் கிளவுஸ் கிழியாதா?

பேரன்: (வியந்து) இதை நான் யோசிக்கவே இல்லையே. உங்களுக்கு எப்படி...

அப்பத்தா: வயசு. அடுத்ததைக் காட்டு.

பேரன்: இது ரேடியன்ட். நியூயார்க்கில் ஹென்றி கிராஸ்பார்ட் என்பவர் 1977-இல் கொண்டுவந்தது. மூலையைச் சீவிவிட்டு, பிரின்சஸ் மாதிரியே மினுக்க வைத்திருக்கிறார்.

அப்பத்தா: உடைந்த கண்ணாடியை அள்ளிப் போட்டது மாதிரி இருக்கிறது. அடுத்தது.

பேரன்: குஷன். மூலை உருண்டு, தலையணை மாதிரி. பழங்காலத்து வெட்டிலிருந்து வந்தது.

அப்பத்தா: திண்டு. நிச்சயத்தன்றே மாப்பிள்ளைக்குத் திண்டு போட்டுவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மாட்டான். அடுத்தது.

பேரன்: கடைசி. ஆஷர் கட். ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் என்பவர் 1902-இல் போட்ட வெட்டு. இது டாலடிக்காது. உள்ளே படிப்படியாக...

அப்பத்தா: தெப்பக்குளம்!

பேரன்: என்னது?

அப்பத்தா: நம்ம வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை மேலேயிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும். நாலு பக்கமும் படி, இறங்க இறங்கச் சதுரம் சின்னதாகிக்கொண்டே போகும். நடுவில் மண்டபம் ஒன்றுதான் குறை.

பேரன்: (பரபரப்பாகத் தட்டச்சு செய்து) அப்பத்தா, குளம் ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது. வகுத்தால் 1.05! வைரத்திலும் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.05 வரைக்கும் சதுரம் என்றுதான் கணக்கு!

அப்பத்தா: திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டினபோது உன் லேப்டாப்பைக் கேட்டுவிட்டா வெட்டினார்? அந்த ஆஷர் கைராசிக்காரனா?

பேரன்: கல்லினன் என்று ஒரு கல். 3106 காரட். 1908-இல் அதைப் பிளந்ததே அவர்தான்.

அப்பத்தா: 3106 ஏக்கர்! ஜமீனே அவ்வளவு வராது.

பேரன்: முதல் அடியில் கத்திதான் உடைந்ததாம். கல் அசையவில்லை. அதற்கப்புறம் வேறு கத்தி செய்து பிளந்தார். ஆனால் இந்த வெட்டில் ஒரு சிக்கல். குளத்துத் தண்ணீர் தெளிவாக இருந்தால் அடியில் கிடக்கிற காசும் தெரியும் இல்லையா? அதே மாதிரி உள்ளே ஒரு புள்ளி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற வெட்டென்றால் மினுக்கலில் மறைந்துபோகும். அதனால் தெளிவில் விஎஸ் தரத்துக்கு, அதாவது பூதக்கண்ணாடி வைத்தால்தான் சின்னப் புள்ளி தெரிகிற தரத்துக்கு, கீழே போகவே கூடாது.

அப்பத்தா: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. இந்த நாலு குற்றமும் இல்லாத வைரம் மதுரைக் கடைவீதியில் இருந்ததாகச் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. கோவலன் ஊர் சுற்றிப் பார்க்கிற இடம். தமிழாசிரியர் மகளிடம் வந்து விஎஸ் என்கிறாய்.

பேரன்: அப்பத்தா, இந்த ஊரில் நகை விஷயமாக நடந்த கோவலனுக்கு என்ன ஆச்சு என்று தெரியும்தானே?

அப்பத்தா: அவன் விற்கப் போனான். நீ வாங்கப் போகிறாய். பில்லை மட்டும் பத்திரமாக வை.

பேரன்: இன்னொன்று. ஆஷரில் எடை எல்லாம் ஆழத்தில் போய்விடும். அதே 50 சென்ட் மேலே பார்க்கச் சின்னதாகத் தெரியும். சுத்தமான கல் என்றால் விலையும் ஏறும். என் பட்ஜெட்டில் 40 சென்ட்தான் வரும்.

அப்பத்தா: வரட்டும். பத்து சென்ட் குறைந்தால் வேலியா மாறிவிடும்? எந்தக் கல் எப்படி வெட்டியிருக்கிறது என்பதற்கு மார்க் ஏதாவது போடுவார்களா?

பேரன்: வைரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிற ஜிஐஏ என்கிற நிறுவனம், வெட்டுத் தரத்துக்கு வட்டக் கல்லுக்குத்தான் மார்க் போடும். சதுரத்துக்கு இல்லை.

அப்பத்தா: நல்லது. என் கண் இருக்கிறது. சாயங்காலம் கிளம்பு. வெயில் இருக்கும்போதே கடை வாசலில் வைத்துப் பார்க்கணும். உள்ளே அவன் போட்டிருக்கிற லைட்டில் கல் உப்பும் வைரமாகத் தெரியும். விரல் அளவு என்ன?

(நீண்ட மௌனம். பேரன் லேப்டாப்பில் ஏதோ தேடுகிறான்.)

அப்பத்தா: அதில் இருக்காது.

பேரன்: அவளிடம் கேட்டால் தெரிந்துவிடுமே... இது சர்ப்ரைஸ்...

(அப்பத்தா சுருக்குப்பையை அவிழ்க்கிறார். வெற்றிலைக் காம்பு, இரண்டு களிப்பாக்கு, ஒரு பத்து ரூபாய் நாணயம். அடியிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு வெள்ளை நூல் வருகிறது.)

அப்பத்தா: இந்தா. பூ வைத்த அன்றைக்கு வளையல் போடுகிற சாக்கில் சுற்றி எடுத்தேன்.

பேரன்: அப்பத்தா! அவளுக்குத் தெரியாமலா?

அப்பத்தா: தெரியாமல்தான் எடுத்தேன். அது, "அந்த விரல் இல்லை அப்பத்தா, இது" என்று மாற்றி நீட்டியது.

பேரன்: அப்படியென்றால் கிளவுஸ்...

அப்பத்தா: அது சொன்னதுதான்.

பேரன்: தெப்பக்குளம்?

அப்பத்தா: போனில் படம் காட்டியது. "நம்ம குளம் மாதிரியே இருக்கு பாருங்க" என்றது. நான் மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இருந்தது.

பேரன்: இதை மூன்று வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே!

அப்பத்தா: நீயாகத் தேடிக் கண்டுபிடித்த மாதிரி இருக்கட்டும் என்று அதுதான் கேட்டுக்கொண்டது. மோதிரத்தைப் பார்த்ததும் ஆச்சரியப்படுகிற மாதிரி முகத்தை வைக்க தினமும் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருக்கிறதாம். நீ உளறிக் கெடுத்துவிடாதே. எழுந்திரு, இந்தக் கீரையை உள்ளே வை.