டூப்ளிகேட்டுன்னு சொல்ற அந்த டப்பா தான் நம்ம ஒரிஜினல்

போன வாரம் ஒரு ரெட்ரோ கேம் வாட்ஸப் குரூப்ல என் பழைய டிவி கேம் டப்பாவ போட்டோ எடுத்து போட்டேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகல, ஒருத்தர் "ப்ரோ இது டூப்ளிகேட், தூக்கி போட்டுட்டு ஒரிஜினல் நெஸ் வாங்குங்க"ன்னு ரிப்ளை. அதுக்கு கீழ நாலு சிரிப்பு எமோஜி. அங்க சண்டை போட வேணாம்னு வெளிய வந்துட்டேன், ஆனா மனசு ஆறல, அதான் இங்க வந்து கொட்றேன்.

டூப்ளிகேட் தான், நான் இல்லன்னு சொல்லல. நிண்டெண்டோ ஃபேமிகாம்ங்கற மெஷின ஜப்பான்ல 1983 ஜூலைல விட்டாங்க, அதையே வேற டப்பால போட்டு நெஸ்னு பேரு வச்சு 1985ல அமெரிக்காவுக்கு கொண்டு போனாங்க. அந்த ஃபேமிகாமுக்குள்ள இருக்கற ரெண்டு முக்கியமான சிப்பையும் தைவான்ல யூஎம்சின்னு ஒரு சிப் கம்பெனி காப்பி அடிச்சாங்க, 6527, 6538னு நம்பர் போட்டு. அந்த மாதிரி காப்பி சிப்ப வச்சு ஊர் பேர் தெரியாத ஆளுங்க எல்லாம் டப்பா செஞ்சு வித்தாங்க. 95ல எங்க மாமா பர்மா பஜார்ல இருந்து பேப்பர்ல சுத்தி வாங்கிட்டு வந்தது அப்டி ஒண்ணு தான். எங்க தெருவுல எட்டு வீட்ல டிவி கேம் இருந்துச்சு, எட்டும் இதே கதை. ஒரிஜினல் நெஸ்ஸ நான் கண்ணால பாத்ததே வேலைக்கு போய் ரெண்டு வருஷம் கழிச்சு. அப்ப எது என்னோட ஒரிஜினல்?

இது சும்மா சென்டிமென்ட் இல்ல, டெக்னிக்கலாவே வேற விஷயம். இத கொஞ்சம் விளக்கமா சொல்லணும்.

முதல் தடவ கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் (பழைய மெஷின் மாதிரியே நடிச்சு அதோட கேம ஓட்டற சாஃப்ட்வேர்) போட்டு மரியோ விளையாண்டப்போ எனக்கு ஒரே குழப்பம். மரியோ வேகமா ஓடறான், பாட்டு வேகமா ஓடுது, முதல் குழியிலயே விழுந்து செத்தேன். கண்ண மூடிட்டு தாண்டற குழி அது. எமுலேட்டர் தான் ரிப்பேருன்னு மூணு வேற எமுலேட்டர் மாத்தி பாத்தேன், எல்லாத்துலயும் அதே வேகம். அப்பறம் தான் புரிஞ்சுது, வேகமா ஓடறது அது இல்ல, சின்ன வயசுல நாங்க விளையாண்டது தான் ஸ்லோ. ஜப்பான், அமெரிக்கா டிவி எல்லாம் என்டிஎஸ்சிங்கற (NTSC) முறை, விநாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம். நம்ம ஊர் டிவி பால்ங்கற (PAL) முறை, விநாடிக்கு 50. மரியோ மாதிரி கேம் எல்லாம் ஒரு ஃப்ரேமுக்கு இவ்ளோ நகரணும்னு கணக்கு போட்டு எழுதினது, அதனால ஃப்ரேம் கொறஞ்சா கேமே மெதுவாயிரும். அங்க 60 விநாடில முடியறது நம்ம வீட்ல 72 விநாடி. ஒரு தலைமுறையே அத தான் மரியோவோட வேகம்னு நெனச்சு வளந்துருக்கோம்!

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. இந்த காப்பி சிப் சிலதுல சவுண்டு போடற இடத்துல ரெண்டு செட்டிங் இடம் மாறி இருக்கும், 25 சதவீத அலை (ஒரு சுத்துல கால்வாசி நேரம் மட்டும் மேல நிக்கற அலை) வர வேண்டிய எடத்துல 50, 50 வர வேண்டிய எடத்துல 25. ராகம் மாறாது, குரல் மாறிடும், அதே பாட்ட வேற ஆள் பாடற மாதிரி. யூடியூப்ல ஒரிஜினல் மரியோ பாட்டு கேக்கறப்போ "என்னமோ கொறையுதே"ன்னு ரொம்ப நாள் நெனச்சேன், பைத்தியம் இல்ல நான். இந்த காப்பி மெஷின் எல்லாம் தனி ரகம்னு எமுலேட்டர் செய்யறவங்களுக்கே தெரியும், மெஸன்ங்கற எமுலேட்டர்ல ரீஜன் செட்டிங் போனா என்டிஎஸ்சி, பால் கூட டெண்டின்னு மூணாவதா ஒண்ணு இருக்கும். டெண்டிங்கறது ரஷ்யால 1992ல இருந்து வித்த இதே மாதிரி காப்பி மெஷின். ரஷ்யாக்காரன் அவனோட டூப்ளிகேட்டுக்கு எமுலேட்டர்ல தனி எடமே வாங்கிட்டான், நம்ம ஆளு குப்பைல போடச் சொல்றான்.

கேசட் விஷயமும் அப்டி தான் (கார்ட்ரிட்ஜாம், எங்க ஊர்ல யாரும் அப்டி சொல்லி நான் கேட்டதில்ல, கேசட் தான்). ஜப்பான் கேசட் 60 பின், அமெரிக்க கேசட் 72 பின். நம்ம டப்பால எறங்கறது 60. அதனால அமெரிக்காகாரனுக்கு கெடைக்காத ஜப்பான் கேம் எல்லாம் நமக்கு கெடச்சுது, அதுல பெரிய சொத்து பேட்டில் சிட்டி. அதாங்க டேங்க் கேம். 1985ல நாம்கோ செஞ்சது, அமெரிக்க நெஸ்ல வரவே இல்ல. ரெண்டு பேர் சேந்து விளையாட மரியோவ விட இது பல மடங்கு மேல, இத எங்க வேணாலும் சொல்லுவேன். மரியோல ஒருத்தன் சாகற வரைக்கும் இன்னொருத்தன் கைய கட்டிட்டு உக்காந்துருக்கணும், அது என்ன டூ பிளேயர். டேங்க்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள இருப்போம், 20 டேங்க்க அடிக்கணும், கீழ நம்ம கோட்டைக்குள்ள இருக்கற கழுக காப்பாத்தணும், கூட்டாளிய சுட்டா அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் அசைய முடியாம நிப்பான். இந்த ஒரு ரூல வச்சு எங்க அக்கா என்னய பண்ண கொடும இருக்கே. டேங்க்கோட பவர ஏத்தற ஸ்டார் வந்தா போதும், என்னய சுட்டு நிக்க வச்சுட்டு நிதானமா போய் எடுத்துக்குவா, கேட்டா "தெரியாம பட்ருச்சுடா"ம்பா. 35 ஸ்டேஜும் தெரியாமயே பட்டுச்சு.

9999999 இன் 1 கேசட் பத்தி தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. மெனுல கடல், தென்னை மரம், பறவை பறக்கும். உள்ள உண்மையா இருக்கறது ஏழெட்டு கேம், மீதி எல்லாம் அதே கேம வேற ஸ்டேஜ்ல ஆரம்பிக்கறது. ஏமாத்து வேலை தான், ஆனா எந்த நம்பர்ல டேங்க் முழு பவரோட வரும்னு நோட்டு போட்டு எழுதி வச்சிருந்தேன், அதுவே ஒரு தனி கேம்.

இப்ப ஹார்ட்வேருக்கு வரேன். துப்பாக்கி வாத்து கேம என் பையனுக்கு காட்டலாம்னு 43 இன்ச் எல்இடி டிவில கனெக்ட் பண்ணேன். பத்து வாத்து பறந்துச்சு, ஒண்ணு கூட சாகல. பையன் டிவிக்கு ஒட்டி போய் வாத்து மேலயே துப்பாக்கிய வச்சு சுட்டான், குறி தப்பினா கேம்ல வர்ற நாய் சிரிச்சுது. "துப்பாக்கி ரிப்பேராப்பா?" துப்பாக்கி நல்லா தான் இருக்கு, டிவி தான் தப்பு. துப்பாக்கிலேர்ந்து எதுவும் வெளிய போறதில்ல, அது வெளிச்சத்த பாக்கற ஒரு கண்ணு, அவ்ளோதான். ட்ரிக்கர் அமுக்கினா ஸ்க்ரீன் ஒரு ஃப்ரேம் முழுக்க கருப்பாகும், அடுத்த ஃப்ரேம்ல வாத்து இருக்கற எடத்துல மட்டும் வெள்ள கட்டம் வரும், துப்பாக்கி வெளிச்சத்த பாத்துச்சுன்னா வாத்து காலி. பழைய பொட்டி டிவி உடனே காட்டிரும். எல்இடி டிவி படத்த வாங்கி, யோசிச்சு, அழகு பண்ணி காட்றதுக்குள்ள மெஷின் "நீ சுடல"ன்னு முடிவு பண்ணிடும். குதிக்கற கேம்லயும் அதே லேட்டு தான், உங்க கை மந்தமாயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க.

அதனால பொட்டி டிவி தேடி அலஞ்சேன். கடைசில கெடச்சது எங்க தெரியுமா, காயலான் கடைல, 2006 ஆட்சில குடுத்தாங்களே இலவச கலர் டிவி, 14 இன்ச், அது. 300 ரூபா. பின்னாடி ஏவி ஓட்டை இருந்துச்சு, மஞ்சள் வயர சொருகினேன், வந்துருச்சு. ஆயிரக்கணக்குல செலவு பண்ணி ஸ்கேலர் (பழைய மெஷின் படத்த புது டிவிக்கு ஏத்த மாதிரி மாத்தற டப்பா) வாங்கறவங்க இருக்காங்க, எனக்கு இந்த 14 இன்ச்ல தெரியற படம் போதும். (சீல் பிரிக்காத மரியோ 64 ஒண்ணு 2021ல 15 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சு. யாரும் விளையாடாத கேமுக்கு. அந்த உலகம் எனக்கு வேணாம்.)

டிவி கேம் போட்டா பிக்சர் ட்யூப் போயிரும்னு அப்பா ஒரு மணி நேரத்துல ப்ளக்க புடுங்குவாரு, அந்த பயத்துல தான் பாதி கேம நாங்க முடிக்கவே இல்ல. ட்யூப் போகல. அடாப்டர் தான் போச்சு, மூணு தடவ.

பழசு வாங்கறவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். நாலு ஸ்க்ரூவ கழட்டி போர்ட பாருங்க. பெரிய சிப் ரெண்டு கால் கால்னு நீட்டிட்டு இருந்தா அது பழைய தரம், ஒண்ணு செத்தா கூட வேற போட்டு எழுப்பிடலாம். நடுவுல தார் ஊத்தின மாதிரி கருப்பா ஒரு பொட்டு மட்டும் இருந்தா எல்லாத்தையும் ஒரே சிப்புல அடக்கினது, பின்னாடி வந்த மலிவு சரக்கு, செத்தா செத்தது தான். அடாப்டர்ல ப்ளஸ் நடுவுலயா வெளியவான்னு பாக்காம சொருகாதீங்க, மெஷினுக்கு மெஷின் மாறும். பொட்டி டிவிய மட்டும் தெரியாதவங்க தொறக்காதீங்க, ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் ஆனாலும் உள்ள கரண்ட் நிக்கும்.

அமெரிக்கால வந்த பழைய கேம்ல 87 சதவீதம் இப்ப கடைல காசு குடுத்து வாங்கவே முடியாதுன்னு 2023ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கு எடுத்து சொன்னாங்க. ஒழுங்கா லைசென்ஸ், பில்லோட வித்த கேமுக்கே இந்த கதி. எந்த கம்பெனி செஞ்சதுன்னே தெரியாத நம்ம டப்பாவுக்கு யார் கணக்கு எடுப்பா? அந்த மெனு, அந்த ஸ்டிக்கர்ல சம்பந்தமே இல்லாத படம், ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோட கேம் பேரு, எதையும் எவனும் மறுபடி ரிலீஸ் பண்ண மாட்டான்.

போன ஞாயித்துக்கிழம அக்கா வந்திருந்தா. 14 இன்ச் முன்னாடி தரைல உக்காந்து டேங்க் போட்டோம். மூணாவது ஸ்டேஜ்ல ஸ்டார் வந்துச்சு, நான் நின்ன எடத்துலயே நின்னேன். "தெரியாம பட்ருச்சுடா." அவளுக்கு 46 வயசு.

என் பறவை மெனு கேசட் இப்ப லோட் ஆக மாட்டேங்குது. உங்க வீட்டு பரண்ல யார்ட்டயாச்சும் இருந்தா சொல்லுங்க, விலைக்கு கேக்கல, ஒரு நாள் குடுத்தா போதும், உள்ள இருக்கறத காப்பி எடுத்துட்டு திருப்பி தந்துடறேன். க்ளீன் பண்ண ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் நானே கொண்டு வரேன். அதுவரைக்கும் தயவு செஞ்சு வாய வச்சு ஊதாதீங்க, எச்சி பட்டு பட்டு பின்னு கறுத்துரும். அப்ப ஊதினதும் வேலை செஞ்சது ஊதினதால இல்ல, வெளிய எடுத்து திருப்பி சொருகினதால.