ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஜோக்கருக்குத் தீர்ப்பு!

போன சனிக்கிழமை டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் பிராய், அதாவது கறி சுடும் விருந்து. அடுப்பில் சாப்ஸ் கருகுகிறது, திருப்பிப் போட ஆளில்லை. பெரியப்பா மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஞ்சாயத்து நடத்துகிறார். பழைய வழக்குதான்: 'தி பேட்மேன்' படத்தில் பேட்மேனின் வில்லன் ஜோக்கராக வந்த நடிகர் பாரி கியோகன் எல்லாம் ஒரு ஜோக்கரா?

அண்ணா, படத்திலிருந்து வெட்டிய அந்தக் காட்சியை இயக்குநர் மாட் ரீவ்ஸ் 2022 மார்ச்சில் தனியாக வெளியிட்டார். மொத்தமே ஆறு நிமிடம் இல்லை. அதிலும் பல நேரம் முகம் மங்கலாகத்தான் தெரியும். இன்னுமா இந்தத் தீர்ப்பு முடியவில்லை? "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்கிறார். சரி, அந்த ஒரு சோற்றையாவது வாயில் போட்டாரா? விசாரித்தால், அவர் பார்த்தது ஒரு ஸ்கிரீன்ஷாட்!

"ஹீத் லெட்ஜர் மாதிரி வருமா?" இந்த வாய்தான் 2006-இல் 'தி டார்க் நைட்' படத்தின் ஜோக்கராக லெட்ஜர் பெயர் அறிவிக்கப்பட்டபோது, "கௌபாய் பையனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிரித்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். 2008-இல் படம் வந்தது. 2009-இல், இறந்துபோன அந்த மனிதருக்கு ஆஸ்கர் வந்தது. அண்ணாவுக்கு மறதி வந்தது. 2019-இல் 'ஜோக்கர்' படத்தில் நடித்த வாக்கீன் பீனிக்ஸுக்கும் இதே வசவு. (நம் டர்பன் பக்கத்துப் பீனிக்ஸ் ஊரிலேயே இவனைவிட நல்ல ஆள் கிடைப்பான் என்று மொக்கை வேறு.) அடுத்த வருடம் அவருக்கும் ஆஸ்கர். அண்ணா ராத்திரியோடு ராத்திரியாகக் கட்சி மாறிவிட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். "காமிக்ஸில் இருப்பது போல இல்லை" என்றால்தான் ரத்தம் கொதிக்கிறது. எந்தக் காமிக்ஸ்? 1940-இல் வந்தவன் கொலைகாரன். 1950-களில் தணிக்கை விதிகள் இறுகியதும் வெறும் குறும்புக் கோமாளி. 1973-இல் மறுபடி கொலைகாரன். அந்த இளிப்பே 1928-இல் வந்த ஓர் ஊமைப்படத்தில் கான்ராட் வைட் போட்ட வேஷத்தின் சாயல்தான். ரீவ்ஸ் அந்த முகத்துக்குத்தான் திரும்பிப் போயிருக்கிறார். பிறவிக் கோளாறால் சிரிப்பை நிறுத்த முடியாத மனிதன் என்கிறார். மூலத்துக்கு இதைவிடக் கிட்டே எப்படிப் போவது?

மாமாவுக்கோ 1966 டிவி தொடரில் வந்த சீசர் ரொமேரோதான் அசல். தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976-இல், அவர் எதில் பார்த்தாரோ! ரொமேரோ மீசையை எடுக்க மறுத்து, அதன் மேலேயே வெள்ளை பூசிக்கொண்டவர். "காமிக்ஸில் மீசை எங்கே மாமா?" என்று கேட்டேன். மரியாதை இல்லாமல் பேசாதே என்றார்.

கியோகன் அந்தக் காட்சியில் கத்துவதே இல்லை. தழும்பேறிய தலை, அங்கங்கே கொஞ்சம் முடி. பேட்மேன் கொண்டுவந்த கோப்பைப் புரட்டிக்கொண்டே, பழைய சிநேகிதனிடம் பேசுவது போலப் பேசிக் குத்துகிறார். எனக்கு முதுகு சில்லிட்டது. மேக்கப் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதைப் பற்றிச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் லிங்க் அனுப்பினேன்.

இன்று காலை அண்ணாவிடமிருந்து பதினோரு நிமிட வாய்ஸ் நோட். லிங்க்கை இன்னும் திறக்கவில்லையாம். டேட்டா தீர்ந்துவிட்டதாம்.