வெள்ளம் குடித்த பிள்ளை

சனிக்கிழமை நாகர்கோவில் கல்வியியல் கருத்தரங்கில் நடந்ததைப் பலர் நேரிலேயே பார்த்தீர்கள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு பள்ளி ஆசிரியை தன் வகுப்பில் செய்த ஆய்வை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். "இது வகுப்பு அனுபவம். ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுவிடுங்கள்" என்று மேடையில் இருந்தவர் சொன்னதும் அந்த ஆசிரியை தாள்களை அடுக்கிக்கொண்டு இறங்கினார். அதற்குக் கைதட்டல் வேறு.

அவர் என்ன செய்திருந்தார்? கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் ஆறாம் வகுப்பு. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் மலையாளம். ஒரு பையன் கட்டுரையில் 'தாகம் எடுத்தது, வெள்ளம் குடித்தேன்' என்று எழுதுகிறான். அவன் வீட்டில் தண்ணீருக்கு அதுதான் பெயர். சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகாமல், அப்படிப்பட்ட சொற்களை ஓர் ஆண்டு முழுக்க நோட்டில் குறித்திருக்கிறார். எந்தப் பிள்ளை எதை எப்போது மாற்றிக்கொள்கிறது, எதை விடுவதே இல்லை என்று பார்த்துத் தன் பாடத்தையும் மாற்றியிருக்கிறார். இது ஆராய்ச்சி இல்லையென்றால் கல்வியியல் துறை எதை ஆராய்கிறது?

ஒரு வேலையைச் செய்பவரே அதை ஆராய்ந்து, கண்டதை வைத்துத் தன் வேலையை மாற்றிக்கொள்வதுதான் செயலாராய்ச்சி. உளவியலாளர் கர்ட் லெவின் 1946இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். கல்வியியல் துறையில் இருக்கும் நாமும் அதைப் பாடமாக நடத்துகிறோம், தேர்விலும் கேட்கிறோம். ஒருவர் அதை உண்மையிலேயே செய்துகொண்டு வந்தால் மேடையிலிருந்து இறக்கிவிடுகிறோம்.

என் முனைவர் பட்ட ஆய்வு ஆசிரியர்களுக்குத் தங்கள் வேலையில் உள்ள மனநிறைவு பற்றியது. அறுநூறு வினாப்படிவம், அட்டவணைகள், தடித்த அட்டை. ஒரு பிரதியைத் தக்கலையில் ஒரு தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். பொறுமையாகப் புரட்டிவிட்டு, "சார், திங்கட்கிழமை நான் என் வகுப்பில் எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதினாறு ஆண்டுகளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: வகுப்பறைக்குள் போகாத கல்வியியல் துறையில் கற்பித்தலும் வளராது, ஆராய்ச்சியும் வளராது.

'முப்பது பிள்ளைகள்தானே, ஒப்பிட வேறு வகுப்பு இல்லையே' என்பீர்கள். சரி, குறைதான். அதை உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது யார் வேலை? நம் வேலை. அவமானப்படுத்தியா சொல்லிக்கொடுப்பது?

'பேராசிரியர்களுக்கு நேரம் இல்லை' என்பீர்கள். காலிப் பணியிடங்களும் தர மதிப்பீட்டுக் கோப்புகளும் என்ன பாடுபடுத்துகின்றன என்று எனக்கும் தெரியும். ஆனால் 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டு, அதில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. அந்த 20 வாரத்தில் நம்மில் எத்தனை பேர் கடைசி பெஞ்சில் ஒரு முழுப் பாடவேளை உட்கார்ந்திருக்கிறோம்? பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் பஸ் பிடித்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பயிற்சி மாணவர்களிடம் இன்றும் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு நண்பர், 'எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் நம் கன்னியாகுமரி, இங்கே என்ன குறை' என்று எழுதியிருக்கிறார். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், பெருமைதான். வெள்ளம் என்று எழுதியதற்காக மதிப்பெண் இழந்து, தன் அம்மா பேசுவது தப்பு என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளை அந்தக் கணக்கில் எங்கே தெரிகிறான்? நானும் கொல்லங்கோட்டில் அப்படி வளர்ந்தவன்தான். ஐந்தாம் வகுப்பில் என் நோட்டிலும் அந்தச் சிவப்புக் கோடு விழுந்தது. நேற்று இதை எழுத உட்கார்ந்தபோது அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

இரவு அந்த ஆசிரியை தொலைபேசியில் பேசினார். மேடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சார், அந்த நோட்டை இனியும் எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டார். எழுதுங்கள் என்றேன். திங்கட்கிழமை காலை களியக்காவிளை பஸ்ஸில் போய் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரப்போகிறேன். கைதட்டியவர்களும் வரலாம். முதல் பாடவேளை ஒன்பதரைக்கு.