எல்லாப் பழியும் உப்புக்காற்றுக்கே

கடலோர ஊரான மண்டபத்தில் குடியிருப்பவரின் காரில் என்ன கோளாறு வந்தாலும் அதற்குக் கடல்தான் காரணம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? காலையில் கிளப்பும்போது இஞ்சினில் தட்டுகிற சத்தம் கேட்கிறது, நீலப் புகை வருகிறது, அடுத்த சர்வீஸுக்கு முன்பே ஆயில் அளவுக் கம்பியின் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது என்று இராமநாதபுரம் சர்வீஸ் சென்டரில் முறையிட்டால், “உப்புக்காத்து சார்” என்கிறார்கள். உப்புக்காற்று கதவின் அடிப்பகுதியைத் துருப்பிடிக்க வைக்கும், சைலன்சரை அரிக்கும். சிலிண்டருக்குள் புகுந்து ஆயிலை மொண்டு குடிக்குமா? நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று பாம்பனில் படகு இஞ்சின் பார்ப்பவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

வண்டி இராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் இஞ்சின் சூடாகி, அந்தச் சத்தம் வாத்தியாரைக் கண்ட பையனைப் போல அடங்கிவிடுகிறது. இரவு அங்கேயே நிறுத்தி விடியற்காலையில் கிளப்பிப் பாருங்கள் என்று கெஞ்சினாலும், அவர்களுடைய விடியற்காலை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் யாராவது வண்டியை இடம் மாற்றி நிறுத்தச் சூடாக்கியும் இருப்பார்கள். பிறகு ஜாப் கார்டில் “குறை எதுவும் இல்லை” என்று எழுதி, வண்டியைப் பளபளவென்று கழுவித் தருகிறார்கள். கழுவச் சொன்னது யார்?

சிலிண்டரில் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை செய்ய மதுரையிலிருந்து இஞ்சினியர் வர வேண்டுமாம். வாரண்டி முடிந்த மறுநாள் தவறாமல் வந்துவிடுவார் போலிருக்கிறது. கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு வாரண்டியை நீட்டித்த அன்று, “இஞ்சினைப் பற்றி நீங்கள் நினைக்கவே வேண்டாம்” என்று காபி கொடுத்துச் சொன்ன அதே மனிதர்தான், இப்போது கையேட்டின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை எனக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுகிறார்.